அடுத்த ஆள் அனுப்பும் ஃபைல்

கணினிக் கேள்வி – பதில்

விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் தருவதை நிறுத்தி மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி கடையைச் சாத்தியதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அக்கா, இனி எந்தச் சிஸ்டம்?" சிவகாசியில் பதினோரு வருஷம் டிடிபி ஆபரேட்டராக இருந்துவிட்டு, இப்போது மதுரையில் டைப்பிங், சர்வீஸ் கடை வைத்திருப்பவள் நான். அந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். வந்தவற்றில் ஏழு கடிதங்களை இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

"சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். ஆறு கம்ப்யூட்டர், எல்லாமே ஆறாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். இன்ஜினியரிங் படிக்கும் மகன், 'லினக்ஸ் மின்ட் போடலாம்ப்பா, பைசா செலவில்லை' என்கிறான். பேஜ்மேக்கர், கோரல்டிரா, போட்டோஷாப் மூன்றும்தான் எங்கள் பிழைப்பு. மாறலாமா?"
— பெயர் வேண்டாம் என்கிறார், சிவகாசி

மகன் சொல்வது சரிதான். விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச லினக்ஸ் வகைகளில் ஒன்று மின்ட். உங்கள் மெஷினில் அது சொகுசாக ஓடும், செலவும் இல்லை. ஆனால் அவன் பார்ப்பது கம்ப்யூட்டரை. அதற்குள் தினமும் வந்து போகிற ஜாபை அவன் பார்க்கவில்லை.

நீங்கள் சொன்ன மூன்றில் (பக்கம் அமைக்க பேஜ்மேக்கர், டிசைன் வரைய கோரல், படம் திருத்த போட்டோஷாப்) ஒன்றுகூட லினக்ஸுக்கு இன்று கிடையாது. கோரல் மட்டும் ஒரு காலத்தில் ஆசைப்பட்டது. 1999-ல் சொந்தமாக ஒரு லினக்ஸையே வெளியிட்டார்கள். 2000-ல் கோரல்டிரா 9-ஐ லினக்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். அதோடு சரி, அடுத்த பதிப்பு வரவில்லை. பேஜ்மேக்கரோ எந்தச் சிஸ்டத்துக்குமே புதிதாக வருவதில்லை. 2001-ல் வந்த 7-தான் கடைசி. அது செத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் சிவகாசியில் இன்னும் காலண்டர் போட்டுக்கொண்டிருக்கிறது என்பது வேறு கதை. (மூன்றுக்கும் லைசென்ஸ் இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் எழுதவில்லை.)

"அதுக்குப் பதிலா இது இருக்கே" என்று மகன் ஒரு பட்டியல் தருவான். கோரலுக்கு இங்க்ஸ்கேப், போட்டோஷாப்புக்கு கிம்ப், பேஜ்மேக்கருக்கு ஸ்கிரைபஸ். நல்ல சாஃப்ட்வேர்கள்தான், குறை சொல்ல மாட்டேன். ஸ்கிரைபஸில் முன்பு தமிழ் யூனிகோடு (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை) ஒழுங்காகக் கோக்காது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று நிற்கும். இப்போது வரும் 1.6 பதிப்பில் அந்தத் தொல்லை தீர்ந்திருக்கிறது. நாளைக்கே புதிதாக ஒரு புத்தகம் லே-அவுட் செய்ய வேண்டுமென்றால் தாராளமாக அதில் செய்யலாம். ஆனால் அச்சகத்துக்கு வருகிற வேலை புதிதாகவா வருகிறது? பாதி முடிந்து, யாரோ ஒருவர் கையால் கோரலில் செய்யப்பட்டு, பென் டிரைவில் வருகிறது.

2013-ல் இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துப் படித்தேன். கடையில் இருந்த இரண்டு மெஷினையும் லினக்ஸுக்கு மாற்றிவிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்த நேரம். ராத்திரி எட்டரை மணிக்கு திருமங்கலத்திலிருந்து ஒருவர் வந்தார். காதுகுத்து ஃபிளெக்ஸ், பத்துக்கு எட்டு. டிசைன் முடிந்துவிட்டது, தாய்மாமன் பெயரை மட்டும் மாற்ற வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. கோரல் ஃபைலை லிப்ரே ஆபீஸ் என்ற இலவசத் தொகுப்பின் டிராவில் திறந்தேன். திறந்தது. எழுத்துக்குப் பின்னால் இருந்த நிழல் காணோம். தலைப்பில் மஞ்சளிலிருந்து சிவப்புக்குப் படிப்படியாக மாற வேண்டிய நிறம் பட்டை பட்டையாக நின்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்து பாமினி ஃபாண்ட், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த பழைய வகை. என் மெஷினில் பாமினி இல்லை. ஆகவே 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. ஃபாண்டைத் தேடிப் போட்டதும் எழுத்து வந்துவிட்டது. ஆனால் அளவு கொஞ்சம் தள்ளிப்போய், தாய்மாமன் பெயரின் கடைசி இரண்டு எழுத்து அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, "மாமன் பேரே உடைஞ்சு போச்சேம்மா" என்றார். பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்கு ஓடினேன். அந்தக் கடைக்காரர் நான்கு நிமிஷத்தில் மாற்றிக்கொடுத்து ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். மறுநாள் ஒரு மெஷினில் விண்டோஸ் திரும்பி வந்தது.

இதில் லினக்ஸ் மேல் குற்றமில்லை, டிரா மேலும் இல்லை. கோரல் தன் ஃபைலின் உள்ளமைப்பை வெளியே சொல்லாத நிறுவனம். அதைத் தன்னார்வலர்கள் பிரித்துப் பார்த்துத் திறக்க வைத்ததே பெரிய காரியம். தனியாக வேலை செய்கிறவருக்கு அது போதும். உங்களுக்கு முன்னால் ஒரு டிசைனர், பின்னால் அச்சுக்குப் பிளேட் போடுகிறவர் என்று ஆட்கள் நிற்கும்போது, சிஸ்டத்தை முடிவு செய்வது நீங்கள் இல்லை, அடுத்த ஆள் அனுப்பும் ஃபைல்.

அதனால் எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நாற்பது பக்க நோட்டு ஆறு வாங்கி ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் வையுங்கள். ஒரு வாரத்துக்கு எந்த ஃபைல் வந்தது, யாரிடமிருந்து, எதில் திறந்தீர்கள், என்னவாக வெளியே போனது என்று எழுதச் சொல்லுங்கள். பையன்கள் முணுமுணுப்பார்கள், எழுதட்டும். நான் பின்னாளில் என் கடையில் இப்படி எழுதிப் பார்த்தபோது, கோரல் இல்லாமல் முடியாது என்று நான் நினைத்திருந்த மெஷினில் ஒரு வாரத்தில் கோரல் திறந்தது மூன்றே முறை. மற்றதெல்லாம் டைப்பிங், பிடிஎஃப் பிரிண்ட், ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம்.

உங்கள் ஆறிலும் அப்படி இரண்டு மூன்று தேறும் என்பது என் ஊகம். புரூஃப் பார்க்கிற மெஷின், பில் போடுகிற மெஷின், மெயில் வாங்குகிற மெஷின். அவற்றுக்கு மின்ட் போடுங்கள், மகனே போடட்டும். கோரலும் போட்டோஷாப்பும் ஓட, எட்டாம் தலைமுறை இன்டெல் சிப்போ அதற்கு மேலோ உள்ள மெஷின் இரண்டு வாங்கி விண்டோஸ் 11 வையுங்கள். புதிதுதான் வேண்டும் என்றில்லை, பழையதாகவே கிடைக்கும். உடனே வாங்கக் கையில் காசில்லை என்றால், விண்டோஸ் 10-க்கே பாதுகாப்பு அப்டேட்டைக் காசு கட்டி நீட்டிக்கலாம். நிறுவனங்களுக்கு முதல் வருஷம் மெஷின் ஒன்றுக்கு 61 டாலர். ஒவ்வொரு வருஷமும் அது இரட்டிப்பாகும், மூன்று வருஷம்தான் தருவார்கள். ஆறு மெஷினுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பழைய மெஷின் வாங்குவதே மேல் என்று தோன்றும்.

பேஜ்மேக்கர் மெஷினை மட்டும் இருக்கிறபடியே விட்டுவிடுங்கள். பாதுகாப்புக்காக நெட் கேபிளை உருவிவிடுங்கள். பழைய காலண்டர் ஃபைல்களை, அதே மாதிரி பக்கம் அமைக்கும் இன்டிசைனுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் ஒன்று: பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்த கடைசி இன்டிசைன் சிஎஸ்6. அதற்குப் பிறகு வந்தவை அதைத் தொடாது. எங்காவது ஒரு சிஎஸ்6 உயிரோடு இருக்கும்போதே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

"பகுதிநேரமாக நான்கு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். டாலி, எக்செல், ஜிஎஸ்டி ரிட்டர்ன். துபாயில் இருக்கும் அண்ணன் மேக்புக் ஏர் வாங்கி வருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளட்டுமா மேடம்?"
— ஒரு வாசகி, விருதுநகர்

ஆசையாக ஒருவர் கேட்கும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் வேண்டாம்.

டாலி விண்டோஸ் சாஃப்ட்வேர். மேக்குக்கென்று ஒரு டாலி கிடையாது. முன்பு இன்டெல் சிப் வைத்த மேக்கில், பூட் கேம்ப் வழியாக விண்டோஸையும் ஏற்றிக்கொள்ளலாம். 2020 நவம்பரில் எம்1 சிப் வந்ததோடு அந்த வழி அடைபட்டது. இப்போது பேரலல்ஸ் மாதிரி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, மேக்குக்குள் ஒரு விண்டோஸை ஓட்ட வேண்டும். 2023-ல் மைக்ரோசாஃப்டே இதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது, திருட்டு வேலை இல்லை. அதற்குள் டாலி திறந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம்.

சிக்கல் அங்கே இல்லை, உங்கள் சாவிக்கொத்தில் தொங்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனில் இருக்கிறது. மேக்குக்குள் ஓடுவது ஆர்ம் சிப்புக்கான விண்டோஸ். சாதாரண விண்டோஸுக்கு எழுதிய சாஃப்ட்வேரை அது மொழிபெயர்த்து ஓட்டிக்கொள்ளும். டிரைவரை, அதாவது டோக்கன் மாதிரிக் கருவியைச் சிஸ்டத்தோடு பேச வைக்கும் சாஃப்ட்வேரை, அப்படி மொழிபெயர்க்காது. டிரைவர் ஆர்ம் சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். டோக்கனைச் செருகிவிட்டு, ரிட்டர்ன் போட வேண்டிய இருபதாம் தேதி ராத்திரி 'டோக்கன் கண்டறியப்படவில்லை' என்ற வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க உங்களுக்கு விருப்பமா?

நான்கு கடையும் தனிநபர் கடைகள் என்றால் ஓடிபி வைத்தே ரிட்டர்ன் போட்டுவிடலாம், டோக்கனே வேண்டாம். ஒன்று கம்பெனியாகவோ எல்எல்பியாகவோ (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) இருந்தால் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம்.

எக்செல் மேக்கில் இருக்கிறது. சொல்லப்போனால் எக்செல் பிறந்ததே மேக்கில்தான், 1985-ல். விண்டோஸுக்கு 1987-ல்தான் வந்தது. இருந்தாலும் இன்றைக்கு மேக் எக்செல்லில் ஆக்டிவ்எக்ஸ் பட்டன் வைத்த ஷீட்டுகள் வேலை செய்யாது. தரவுகளைச் சேர்த்துவைக்கும் அக்சஸ் மேக்குக்குக் கிடையவே கிடையாது. பழைய ஆடிட்டர் யாராவது பதினைந்து வருஷத்துக்கு முன் செய்த பட்டன் ஷீட்டை உங்கள் தலையில் கட்டியிருந்தால் அதுவும் போச்சு.

அண்ணனிடம் அந்தக் காசுக்குள் ஒரு நல்ல விண்டோஸ் லேப்டாப் கேளுங்கள். மிச்சமானால் யுபிஎஸ் வாங்கலாம்.

"ஆர்க்கிடெக்சர் முதல் வருஷம். அப்பா லோன் போட்டு லேப்டாப் வாங்கித் தருகிறார். சீனியர்ஸ் எல்லாரும் மேக் சூப்பர் என்கிறார்கள். சரியா அக்கா?"
— ஒரு மாணவர், திருச்சி

எந்த சீனியர், தம்பி? இரண்டாம் வருஷமா, ஐந்தாம் வருஷமா? அதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆட்டோகேட் மேக்குக்கு உண்டு. நடுவில் பல வருஷம் விட்டுவிட்டு 2010-ல் திரும்ப வந்தது. ஸ்கெட்ச்அப், ரைனோ இரண்டும் உண்டு. முதல் இரண்டு வருஷம் இவற்றிலேயே ஓடிவிடும், அதனால்தான் சூப்பர் என்கிறார்கள். கட்டடத்தை முப்பரிமாணத்தில் வடிவமைக்கும் ரெவிட் மேக்குக்குக் கிடையாது. 3டிஎஸ் மேக்ஸ் கிடையாது. லூமியான் கிடையாது. இன்டர்ன்ஷிப் போகிற ஆபீஸில் முதல் நாளே ரெவிட் ஃபைலைத் தூக்கிக் கையில் கொடுத்தால் என்ன செய்வாய்? நான்காம், ஐந்தாம் வருஷத்துப் பிள்ளைகளிடம் போய், கடைசி ஸ்டுடியோ சப்மிஷனை எதில் செய்தார்கள் என்று மட்டும் கேள். அப்பா லோனைக் கட்டி முடிக்கும் வருஷத்தில் நீ எதில் வேலை செய்வாயோ, அது ஓடுகிற மெஷினை வாங்கு.

"கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். ஃபைனல் கட் மேக்கில் மட்டும்தான் என்பதால் மாட்டிக்கொண்டது போல இருக்கிறது. டாவின்சி ரிசால்வ் லினக்ஸிலும் ஓடுமாமே?"
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

ஓடும். ஆனால் லினக்ஸில் இலவசப் பதிப்பு எச்.264 என்ற வகை வீடியோவைத் திறக்காது. உங்கள் கேமராவும் டிரோனும் பெரும்பாலும் தருவது அதைத்தான். காசு கொடுத்து ஸ்டுடியோ பதிப்பு வாங்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு கிளிப்பையும் முதலில் மாற்ற வேண்டும். முகூர்த்த மாசத்தில் அதற்கு நேரம் எங்கே? விண்டோஸில் இந்தத் தடை இல்லை.

மாட்டிக்கொண்டது போல இருக்கிறது என்று சொன்னீர்களே, அது சிஸ்டத்தால் மட்டும் வருவதில்லை. 2011-ல் ஆப்பிள் ஃபைனல் கட் 7-ஐ நிறுத்திவிட்டு ஃபைனல் கட் புரோ எக்ஸ் வெளியிட்டது. அதே கம்பெனி, அதே மேக். பழைய புராஜெக்ட் ஃபைல் புதியதில் திறக்கவில்லை. உலகம் முழுக்க எடிட்டர்கள் கொதித்துப்போனார்கள், நிறையப் பேர் வேறு சாஃப்ட்வேருக்குப் போய்விட்டார்கள். உங்கள் புராஜெக்ட் எது வேண்டுமானாலும் ஆகட்டும். முடிந்த வீடியோவையும் மூலக் கிளிப்புகளையும் தனி டிஸ்கில் வையுங்கள்.

"ஓய்வுபெற்றவன். கதை, மொழிபெயர்ப்பு எழுதுகிறேன். பத்து வருஷ லேப்டாப். டைப் அடிப்பது, மெயில், கொஞ்சம் யூடியூப். இதைத் தூக்கிப் போட வேண்டுமா?"
— ஒரு வாசகர், கும்பகோணம்

வேண்டாம் சார். உங்களுக்குத்தான் லினக்ஸ். ரேம் நான்கு ஜிபி இருந்தாலும் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு ஓடும். ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டுக்கொண்டால் புது லேப்டாப் மாதிரி இருக்கும். தமிழ் 99 விசைப்பலகையை ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகச் சேர்த்துக்கொள்ளலாம். லிப்ரே ஆபீஸில் எழுதி வேர்டு ஃபைலாகச் சேமித்து அனுப்பினால், பதிப்பகத்தில் எழுத்தை மட்டும் உருவி இன்டிசைனில் ஊற்றிக்கொள்வார்கள். உங்கள் பக்க அமைப்பு அவர்களுக்குத் தேவையே இல்லை.

பழைய கதைகளெல்லாம் வானவில்லிலோ வேறு பழைய ஃபாண்டிலோ இருந்தால், அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிட்டுச் சிஸ்டத்தை மாற்றுங்கள். தமிழ்நாடு அரசே 2010-ல் யூனிகோடுக்கு வந்துவிட்டது. மாற்றுகிற கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படியுங்கள். 'ஔவை' என்று அடிக்க ஒ-வையும் ள-வையும் பக்கத்தில் பக்கத்தில் போட்ட இடங்களைக் கருவி கண்டுபிடிக்காது.

"எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம் போனால் கேரளா. அங்கே பள்ளிகளில் எல்லாம் லினக்ஸ். நம் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த மடிக்கணினியிலும் லினக்ஸ் இருந்ததே, அது ஏன் ஒட்டவில்லை?"
— ஓர் ஆசிரியர், கன்னியாகுமரி மாவட்டம்

நல்ல கேள்வி சார். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் செய்த, தமிழ் முதலான நம் மொழிகளெல்லாம் உள்ள சிஸ்டம். என் கடைக்கு அந்த லேப்டாப்போடு வந்த பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, இந்த பாஸை அழிச்சிட்டு அந்த இடத்தை சி டிரைவோட சேத்து விடுங்க." எனக்கு மனசு கேட்காது. ஆனால் அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியுமா? பாஸைத் திறந்து செய்ய வேண்டிய வேலை என்று ஒன்றை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. புராஜெக்டை வேர்டில் கேட்டார்கள், பிரவுசிங் சென்டரில் விண்டோஸ், படம் பகிர்ந்த நண்பனிடம் விண்டோஸ்.

கேரளாவில் ஐடி அட் ஸ்கூல் என்று 2001-ல் தொடங்கி, இப்போது கைட் என்ற பெயரில் நடப்பது வேறு மாதிரி. பாடப் புத்தகம் அந்த சாஃப்ட்வேரை வைத்தே எழுதப்படுகிறது. ஆசிரியருக்குப் பயிற்சி அதில். பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வும் அதில். கேள்வி கேட்கிறவர், பதில் எழுதுகிறவர், மார்க் போடுகிறவர் மூவரும் ஒரே சிஸ்டத்தில் இருக்கிறார்கள். அப்புறம் எப்படி ஒட்டாமல் போகும்?

சுற்றியிருப்பவர்கள் மாறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி 2003-ல் லினக்ஸுக்குப் போக முடிவெடுத்து, பத்து வருஷத்தில் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி முடித்தது. 2017-ல் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்புவதாக வாக்களித்தது. அரசியலும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் தனித்தனி அலுவல்களுக்கான சாஃப்ட்வேர் பல விண்டோஸுக்கு மட்டும் வந்துகொண்டிருந்ததும், வெளியாரோடு ஃபைல் பரிமாறுவதில் இருந்த தொல்லையும் கடைசி வரை தீரவில்லை. மியூனிக் மட்டும் மாறியது, மியூனிக்குக்கு சாஃப்ட்வேர் விற்றவர்கள் மாறவில்லை.

"அக்கா, வைன் போட்டால் எல்லாம் ஓடிவிடும் என்கிறார்களே? நீங்கள் எந்தச் சிஸ்டம்?"
— ஒரு வாசகி, தேனி

வைன் என்பது விண்டோஸ் சாஃப்ட்வேரை லினக்ஸில் ஓட வைக்கும் முயற்சி. 1993-லிருந்து நடக்கிறது. இன்றைக்கு அதில் அதிகம் ஜெயித்தது விளையாட்டுப் பிரியர்கள்தான். கம்ப்யூட்டர் விளையாட்டு விற்கும் ஸ்டீம் காரர்கள் பணத்தைக் கொட்டி அதை வளர்த்தார்கள். கணக்கு சாஃப்ட்வேருக்கு யாரும் அப்படிக் கொட்டவில்லை. வீட்டில் விளையாட்டாகப் போட்டுப் பாருங்கள். சம்பளப் பட்டியல் போடுகிற மெஷினில் வேண்டாம்.

என் மேஜையில் இருப்பது ஒரு லினக்ஸ் லேப்டாப், இந்தப் பதில்களை அதில்தான் அடிக்கிறேன். காலடியில் ஒரு விண்டோஸ் டவர். அதில் கோரல், ஏழெட்டுப் பழைய ஃபாண்ட், டோக்கன் டிரைவர். வாரத்தில் மூன்று நாள் அதைத் திறப்பதே இல்லை. முகூர்த்தம் நெருங்கினால் லேப்டாப்புக்கு ஓய்வு.